நூறு எண்ணுகிறவர்

நாற்பத்து மூன்று மணி நேரம் முடிந்திருந்தது. இன்னும் ஐந்து மணி நேரம் மீதி இருந்தது.

பட்டறை மேஸ்திரி சிவனாண்டி அதை விரல்விட்டு எண்ணிச் சொன்னார். அவருடைய இடது கை ஆள்காட்டி விரல் பாதிதான். எண்ணும்போது அந்தப் பாதியையும் முழு விரலாகவே கணக்கில் எடுத்துக்கொள்வார்.

"செவ்வா மத்தியானம் ரெண்டு இருவதுக்கு நடந்துச்சு. இன்னைக்கு வியாழன் ஒம்பது இருவது. மத்தியானம் ரெண்டு இருவதுக்குள்ள மாரிக்கண்ணன் கையெழுத்து ரிஜிஸ்டர்ல விழுந்துரணும். விழுந்துட்டா ஒரு கேஸும் இல்ல. எந்தி பூரணம், கெளம்பு."

பூரணம் தலையை அசைத்தாள்.

ஞானபூரணம் என்பது முழுப்பெயர். போனில் பெயரைச் சொன்னால் எதிரில் இருப்பவர்கள் "சொல்லுங்கம்மா" என்று மரியாதையாகப் பேசுவார்கள். நேரில் பார்த்ததும் ஒருமைக்கு மாறிவிடுவார்கள். இருபத்து மூன்று வயது. வேதியியல் படித்துவிட்டு இரண்டு வருடமாக இந்த நூல் சாயப் பட்டறையில் இருந்தாள். சாய நீரைச் சோதிப்பதும், கேட்ட நிறத்துக்கும் வந்த நிறத்துக்கும் பொருத்தம் பார்ப்பதும்தான் அவளுடைய வேலை. ஆனால் பட்டறையில் பட்டம் வாங்கிய ஆள் அவள் ஒருத்திதான் என்பதால் வருகைப் பதிவேடும், அரசாங்கத்துக்குப் போகும் படிவங்களும் அவள் மேசைக்கே வந்து சேர்ந்தன.

அவள் அதிகம் பேச மாட்டாள். எதைக் கேட்டாலும் ஒரு தலையசைப்பு. "ஏ பிள்ள, வாய்க்குள்ள சாயத்தையா வச்சிருக்க? தொறந்தா கொட்டிரும்னு பயமா?" என்று மாரிக்கண்ணன் கேட்பார். அதற்கும் தலையைத்தான் அசைப்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள்.

அடிபட்ட தொழிலாளி நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு வேலைக்கு வர முடியாமல் போனால், திருநெல்வேலியில் இருக்கும் தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் அலுவலகத்துக்குப் படிவம் அனுப்ப வேண்டும் என்பது சட்டம். படிவம் போனால் இன்ஸ்பெக்டர் வருவார். அவர் வரக்கூடாது என்பதற்காகப் பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. அதற்கு 'ஒக்கார வைக்கது' என்று பெயர். அடிபட்ட ஆளை நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் ஆட்டோவில் கூட்டி வருவார்கள். கேட்டுக்குப் பக்கத்தில் வேப்ப மரத்தடியில் நீல நிற பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று உண்டு. அதில் அவர் கட்டுப்போட்ட கையோடோ காலோடோ உட்கார்ந்திருப்பார். டீ வாங்கிக் கொடுப்பார்கள். சாயங்காலம் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போவார். வேலைக்கு வந்துவிட்டார் என்றால் விபத்தும் இல்லை.

"நானும் அந்தச் சேர்ல ஒக்காந்தவன்தாம்லா" என்று சிவனாண்டி பாதி விரலைக் காட்டிச் சொல்வார். அதில் அவருக்கு ஒரு பெருமை இருந்தது.

மாரிக்கண்ணனை உட்கார வைக்க முடியவில்லை. அவருக்கு இரண்டு கண்களிலும் கட்டு. அதனால் பதிவேடே அவர் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது.

பூரணம் பதிவேட்டைப் பைக்குள் வைத்தாள். பிறகு ஃபைல் அலமாரியைத் திறந்து, உள்ளேயிருந்த பழுப்புக் கவர் ஒன்றை எடுத்துப் பதிவேட்டுக்கு அடியில் செருகினாள். எதற்கு எடுத்தாள் என்று கேட்டிருந்தால் அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

வெளியே போகும் வழியில் சாயக் கலம் ஓடிக்கொண்டிருந்தது. ஆள் உயரத்துக்கு எஃகு உருளை. மேலே கனத்த மூடி, மூடியைச் சுற்றிப் போல்ட்டுகள். பக்கத்தில் அழுத்தத்தைக் காட்டும் மீட்டர். நேற்றிலிருந்து மாரிக்கண்ணனுக்குப் பதில் பெத்துராஜ் அதில் நிற்கிறான். கல்யாணமாகி ஆறு மாதம் ஆகிறது. அவளைப் பார்த்ததும் கிட்டே வந்தான்.

"யக்கா, இந்த முள்ளு சரியாத்தான் காட்டுதா?"

அவளைவிட அவனுக்கு நான்கு வயது கூட. படித்த பெண் என்பதால் அக்கா.

"புதுக் கண்ணாடி எப்படி மின்னுது பாரு. போ, போய் வேலையப் பாருலே" என்றார் சிவனாண்டி.

பெத்துராஜ் போகவில்லை. "ஜீரோ வந்தப் பொறவு மாரியண்ணன் எத்தன எண்ணுவாரு?"

"நூறு" என்றாள் பூரணம். அவன் உதட்டசைவைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டிருப்பான்.

நூறு எண்ணுவது மாரிக்கண்ணனின் சொந்த வழக்கம். பாலியஸ்டர் நூலுக்கு நூற்று முப்பது டிகிரியில் சாயம் ஏற்ற வேண்டும். அழுத்தம் இருக்கிறவரை அந்தச் சூட்டிலும் தண்ணீர் தண்ணீராகவே இருக்கும். அழுத்தம் திடீரென்று விட்டுப்போனால் ஒரு நொடியில் ஆவியாகி எகிறும். பூரணம் இதற்குக் கல்லூரியில் வரைபடம் வரைந்து பத்துக்கு ஒன்பது வாங்கியிருந்தாள். மாரிக்கண்ணன் எட்டாவதுவரை படித்தவர். அவர் வரைபடம் எதையும் பார்த்ததில்லை. முள் பூஜ்யத்துக்கு வந்ததும், மிச்ச அழுத்தம் இருந்தால் அடங்கட்டும் என்று, தள்ளிப் போய்ச் சுவரோரம் நின்று ஒன்றிலிருந்து நூறுவரை சத்தமாக எண்ணுவார். அதன் பிறகுதான் ஸ்பேனரை எடுப்பார். மற்றவர்கள் கேலி செய்வார்கள். "எழுவதுக்கப்புறம் எம்பது வரும்வே, மறந்துராதீரும்" என்பார்கள். அவர் விட்ட இடத்திலிருந்து எண்ணுவார்.

இருபத்து நான்கு நாட்களுக்கு முன்னால் அந்த எண்ணிக்கைதான் அவரைக் காப்பாற்றியது. முள் பூஜ்யத்தில் நின்றது. அவர் சுவரோரம் நின்று எண்ணினார். அறுபத்து மூன்று என்று சொல்லும்போது மூடிக்கு அடியில் இருந்த ரப்பர் வளையம் கிழிந்தது. கருநீலச் சாயம் கொதிக்கக் கொதிக்கக் கூரையில் போய் அடித்தது. மீட்டரின் கண்ணாடியில் விரிசல் விழுந்தது. முள் மட்டும் பூஜ்யத்திலேயே நின்றது. கலத்திலிருந்து மீட்டருக்குப் போகிற சின்னக் குழாயில் சாயம் படிந்து இறுகி அடைத்துக்கொண்டிருந்தது. உள்ளே என்ன இருந்தாலும் முள்ளுக்கு அது தெரியாது.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. முதலாளி சௌந்தரபாண்டியன் வந்து கூரையைப் பார்த்தார். கோவில் இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டார். வெள்ளிக்கிழமை கலத்துக்கு முன்னால் பூசணிக்காய் உடைத்தார்கள்.

அந்த வெள்ளிக்கிழமையே மாரிக்கண்ணன் பூரணத்தை அறிவிப்புப் பலகைக்குக் கூட்டிப் போனார். சட்டத்தின் சுருக்கம் அங்கே கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. டீக்குக் காத்திருக்கும்போது தினமும் அதைப் படிப்பாராம். ஒரு வரியில் விரலை வைத்தார்.

"யாருக்கும் அடிபடலன்னாலும் எழுதணும்னு போட்டிருக்கு, பாரு. தொறக்காமயே வெடிச்சுட்டுன்னு எழுது. முள்ளு பொய் சொல்லுதுன்னு எழுது. நீ எழுதுனாத்தான் அவிய மதிப்பாவ."

அவள் எழுதினாள். நாள், நேரம், கலத்தின் எண், காரணம் எல்லாவற்றையும் எழுதினாள். கவரில் முகவரி எழுதி ஸ்டாம்பும் ஒட்டினாள். கையெழுத்துக்காக முதலாளியிடம் கொண்டு போனாள். அவர் ஒரு வரி விடாமல் படித்தார்.

"எழுத்து முத்து முத்தா இருக்கும்மா" என்றார். "ஃபைல்ல வையி. ஒண்ணும் ஆகலல்லா? ஆகாததுக்கு எதுக்கு ஆபீசர்?"

அவள் தலையை அசைத்தாள்.

திங்கட்கிழமை காலையில் ஷிஃப்டு மாறும் நேரத்தில் மாரிக்கண்ணன் வாசலில் நின்றார். பின்னால் ஏழெட்டுப் பேர்.

"எழுதிப் போட்டுட்டியா தங்கச்சி?"

முதலாளி வேண்டாம் என்றுவிட்டார். மூன்று சொல் சொன்னால் போதும். அத்தனை பேரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். காது சுட்டது. அவள் தலையை அசைத்தாள்.

"ஏலே, பார்த்தியளா? நம்ம பிள்ள போட்டுட்டு. வாயத் தொறக்காதுன்னு சிரிச்சியளே" என்று மாரிக்கண்ணன் எல்லாருக்கும் சொன்னார்.

அடுத்த வாரம் சிவனாண்டி மீட்டரைக் கழற்றி, குழாயில் ஒரு கம்பியை விட்டுக் குத்திவிட்டு, விரிசல் விட்ட கண்ணாடிக்குப் பதில் புதுக் கண்ணாடி போட்டார். கண்ணாடியை மட்டும்தான் மாற்றினார்; அடைப்பு முழுதும் போனதா என்று பார்க்கவில்லை. மாரிக்கண்ணன் அதைப் பார்த்துவிட்டு அவள் மேசைக்கு வந்து குனிந்து ரகசியமாகச் சொன்னார்: "மீட்டர மாத்திட்டாவ. உன் லெட்டர் வேலை செய்யுது."

அவள் இல்லை என்று சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை அவர் எண்ணவில்லை. முள் பூஜ்யத்துக்கு வந்ததும் நேராகப் போய் ஸ்பேனரைப் போட்டார். நான்காவது போல்ட்டைத் தளர்த்தும்போது மூடி எகிறியது. பூரணம் ஓடிப் போனபோது அவர் தரையில் உட்கார்ந்திருந்தார். நீலமான கைகளால் முகத்தை மூடியிருந்தார். "முள்ளு ஜீரோலதான் இருந்துச்சு, முள்ளு ஜீரோலதான் இருந்துச்சு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

*

சிவனாண்டியின் டிவிஎஸ்ஸில் பின்னால் உட்கார்ந்து போனாள். பஸ் ஸ்டாண்டு தாண்டியதும் தறிச் சத்தம் தொடங்கியது. மாரிக்கண்ணன் வீடு இருந்த தெருவில் இரண்டு பக்கமும் தறிகள். அங்கே இருப்பவர்கள் சாதாரணமாகப் பேசுவதே சண்டை போடுவது மாதிரி இருக்கும்.

"நீ ஒண்ணும் பேச வேண்டாம்" என்று வண்டியை நிறுத்திவிட்டு சிவனாண்டி சொன்னார். "பேசவும் மாட்ட, அது தெரியும். ஆனா உன் முகத்தப் பாத்தா அழுதுருவ போலருக்கு. அழுதுறாத. அவன் பெண்டாட்டி பயந்துருவா."

மாரிக்கண்ணன் மனைவி மாலா வாசலிலேயே நின்றாள். பக்கத்து வீட்டுத் தறிக்கு ராட்டையில் தார்க்குச்சியில் நூல் சுற்றிக் கொடுப்பவள். இரண்டு நாளாக ராட்டையைத் தொடவில்லை என்று மூலையில் குவிந்து கிடந்த நூலைப் பார்த்தால் தெரிந்தது. உள்ளே கட்டிலில் வாழையிலை பரப்பி, அதன் மேல் மாரிக்கண்ணன் படுத்திருந்தார். செவ்வாய்க்கிழமையே முதலாளி காரில் திருநெல்வேலிக்குக் கூட்டிப் போய் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட வைத்து, மறுநாள் வீட்டில் கொண்டுவந்து விட்டிருந்தார். கண்களையும் நெற்றியையும் வெள்ளைத் துணி மூடியிருந்தது. கழுத்திலும் மார்பிலும் களிம்பு. வலது கை மட்டும் தப்பியிருந்தது. அதில் நகக்கண்களில் நீலம் போகாமல் இருந்தது.

தலைமாட்டில் ஒரு கிண்ணத்தில் கோவில் புற்றுமண். அதற்குப் பக்கத்தில் சின்னக் காகிதப் பொட்டலம்.

"கண்மலர்" என்றாள் மாலா, பூரணம் பார்ப்பதைப் பார்த்து. "அம்பாளுக்குச் சாத்த வெள்ளிக் கண்ணு. ரெண்டு கண்ணுக்கும் சேத்து வாங்கிட்டேன். ஒண்ணு வருமாம். இன்னொண்ணு சொல்ல முடியாதுன்னுட்டாவ. அம்பாள் என்ன, ஒண்ணுக்கு மட்டுமா தருவா?"

"யாரு வந்துருக்கா?" என்றார் மாரிக்கண்ணன்.

"நாந்தாம்லே, சிவனாண்டி."

"அண்ணாச்சியா? கூட இன்னொரு ஆள் நிக்கது தெரியுது. பேசக் காணோம்." கொஞ்ச நேரம் காது கொடுத்தார். பிறகு உதடு லேசாக விரிந்தது. "பூரணமா?"

அவள் தலையை அசைத்தாள். அசைத்த பிறகுதான் அவருக்குத் தெரியாது என்பது உறைத்தது.

"அவதான், அவதான்" என்றார் சிவனாண்டி. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார். "மாரி, மொதலாளி சொல்லிவிட்டாரு. நீ எத்தன நாள் வேணும்னாலும் படு. உனக்குக் கண்ணு சரியானதும் கேட்டுல லேசான வேலையா போட்டுருவோம். இப்போதைக்கு நேத்தும் இன்னைக்கும் வந்ததா ரிஜிஸ்டர்ல ரெண்டு கையெழுத்து. அவ்வளவுதான்."

"கண்ணு தெரியாத மனுசன் எங்கன பாத்து கையெழுத்துப் போட?" என்றாள் மாலா. "வராதவர வந்தாருன்னு எழுதுனா என்ன அர்த்தம் அண்ணாச்சி? நாளைக்கு, இவருக்கு ஒண்ணுமே ஆகலன்னு சொல்லுவியளா?"

"ஏம்மா, அப்படி விட்டுருவமா? எனக்கு வெரலு போனப்போ விட்டுட்டாவளா? இந்தா நிக்கேம்லா?"

"வெரலு வேற, கண்ணு வேற அண்ணாச்சி."

சிவனாண்டி பாதி விரலால் மூக்கைத் தேய்த்துக்கொண்டார்.

மாரிக்கண்ணன் கையைத் தூக்கி மாலாவை அமர்த்தினார். "விடு. தப்பு எம்மேலதான். நூறு எண்ணாமத் தொறந்தது நான். பதினோரு வருசமா எண்ணுனவன் அன்னைக்கு எண்ணல."

"அதத்தான் நானும் கேக்கேன். ஏன் எண்ணல?" என்றாள் மாலா.

"மீட்டர மாத்திட்டாவன்னு நெனச்சேன். இன்ஸ்பெக்டருக்கு லெட்டர் போயாச்சு, அவிய சொல்லி மாத்திருக்காவன்னு நெனச்சேன். இனிமே எதுக்கு எண்ணன்னு..." மூச்சு வாங்கினார். "புது மீட்டரும் பொய் சொல்லும்னு நான் கண்டனா? நான் நூறு எண்ணிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது. என் அவசரம்."

பூரணம் பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். தறிகள் ஓடின. அவள் காலடியில் தரை அதிர்ந்துகொண்டே இருந்தது.

"கையெழுத்துப் போட்டுருதேன்" என்றார் மாரிக்கண்ணன். "நீ பயப்படாத மாலா. நம்ம பிள்ளதான் மொதத் தடவையே எழுதிப் போட்டுட்டே. அந்த லெட்டர் திருநெல்வேலில இருக்கும்லா. இன்னைக்கில்லன்னாலும் என்னைக்காவது இன்ஸ்பெக்டர் வருவாரு. வந்து பாத்தா எல்லாம் தெரிஞ்சிரும். இந்தக் கையெழுத்துல ஒண்ணும் இல்ல."

"அப்படிச் சொல்லு" என்றார் சிவனாண்டி. அவர் பூரணத்தைப் பார்க்கவில்லை. லெட்டர் ஃபைலில் இருந்தது அவருக்கும் தெரியும். அனுப்பிவிட்டதாகப் பூரணம் தலையசைத்தது மட்டும் தெரியாது. "ஏட்டி, ரிஜிஸ்டர எடு. எடத்தக் காட்டு."

"இப்ப கலத்துல யாரு நிக்கா?" என்று மாரிக்கண்ணன் இடையில் கேட்டார்.

"பெத்துராஜ்."

"அவனா? அவனுக்குப் பொறுமை கெடையாது. இருவதோட நிறுத்திருவான். பூரணம், நீ அவங்கிட்ட சொல்லு. நீ சொன்னா கேப்பான்."

அவள் கட்டில் பக்கத்தில் மண்டியிட்டாள். பைக்குள் கையை விட்டாள். பதிவேட்டின் கெட்டி அட்டை கையில் பட்டது. அதைத் தள்ளிவிட்டு அடியில் இருந்த கவரை எடுத்து, அவர் வலது கைக்குள் வைத்தாள்.

"என்னட்டி அது?" என்றார் சிவனாண்டி.

மாரிக்கண்ணன் விரல்களால் தடவிப் பார்த்தார். "ரிஜிஸ்டர் இல்லயே. கவர் மாதிரில்லா இருக்கு." கட்டைவிரல் மூலைக்குப் போய் நின்றது. "ஸ்டாம்பு ஒட்டிருக்கு. யாருக்குப் போகணும் இது?"

பூரணம் சொன்னாள்.

தறிச் சத்தத்தில் அது அவளுக்கே கேட்கவில்லை.

"பூரணம், எந்தி. வெளிய வா" என்று சிவனாண்டி அவள் தோளைத் தொட்டார். அவள் அசையவில்லை. மாலா கிட்டே வந்து குனிந்தாள்.

"என்ன சொல்லுதா?"

"கேக்கல" என்றார் மாரிக்கண்ணன். கட்டுப்போட்ட முகத்தை அவள் இருந்த பக்கம் திருப்பினார். "தல ஆட்டுதியோ என்னமோ, எனக்குத் தெரியாது தங்கச்சி. வாயத் தொறந்து சொல்லு. தறி ஓடுது. சத்தமாச் சொல்லு."

அவள் அந்த நீல நகங்களைப் பார்த்தாள். மூச்சை இழுத்தாள். அந்தத் தெருவில் எல்லாரும் பேசுகிற அளவுக்குச் சத்தமாகச் சொன்னாள்.

"நான் அந்த லெட்டர அனுப்பவே இல்லண்ணே. அனுப்பிட்டேன்னு உங்ககிட்ட தலையாட்டுனது பொய்."